நள்ளிரவு பிளேனில் ஒரு கொத்துப் பார்சல்

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவரின் அண்ணா குடும்பம் போன மாதம் கட்டுநாயக்காவிலிருந்து மெல்பேர்ணுக்கு நள்ளிரவு பிளைட்டில் போனது. போகும் வழியில் வெள்ளவத்தையில் இரண்டு கோழிக் கொத்து ரொட்டிப் பார்சல் கட்டிக்கொண்டார்கள். பிளேன் மேலே எழும்பி, கேபின் விளக்கை அணைத்த பிறகு அதைப் பிரித்தார்கள். முன் சீட்டில் இருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பணிப்பெண்ணைக் கூப்பிட்டு முறைப்பாடு சொன்னார். அண்ணாவுக்கு அது இன்னும் மனதில் முள்ளாக நிற்கிறது. "எங்கட சாப்பாட்டைக் கேவலப்படுத்திப் போட்டான்" என்கிறாராம். பிழை யார் பக்கம்?

நான் கொழும்பிலிருந்து பறக்கும் விமானங்களில் 12 வருடம் பணிப்பெண்ணாக இருந்தேன். இந்தச் சண்டையை இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொத்து கொண்டு போனது பிழை இல்லை. விளக்கணைத்து ஆட்கள் தூங்கத் தொடங்கிய நேரத்தில், பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் பிரித்ததுதான் பிழை. முன் சீட்டுக்காரர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டதும் குற்றம் இல்லை. எங்களை அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்த்த பார்வை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. உங்கள் அண்ணாவைக் குத்தியது அந்தப் பார்வையாகத்தான் இருக்கும்.

பயணத்தில் சாப்பாடு என்றால் நமக்கு ரயில்தான் பழக்கம். யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்து கோட்டை நிலையத்தில் ஏறும் சனம் கையில் ஒரு சோற்றுப் பொதியோடுதான் ஏறும். பொல்காவலை தாண்டினால் யாராவது ஒருவர் இலையைப் பிரிப்பார். அப்புறம் பெட்டி முழுக்கப் பிரிப்பார்கள். எதிரில் இருப்பவரிடம் "வாங்கோ, ஒரு வாய் சாப்பிடுங்கோ" என்று சொல்லாமல் சாப்பிடுவது நம் ஆட்களுக்கு வராது. அது ஒரு அழகான பழக்கம், அதை யாரும் விட வேண்டாம். ஆனால் ரயிலில் யன்னல் திறந்திருக்கிறது. கருவாட்டு மணம் வயல்வெளிக்குப் போய்விடும். பிடிக்காதவர் எழும்பிப் போய் வாசலில் காற்று வாங்குவார். பிளேனில் ஒரு சீட்டின் அகலம் 17 அங்குலம், கூடினால் 18. பெல்ட் விளக்கு எரிந்தால் எழும்பவும் முடியாது. எழும்பினாலும் போக இடம் இல்லை. ரயில் பழக்கத்தை அப்படியே பிளேனுக்குள் கொண்டுபோகும்போது, பக்கத்து ஆளிடம் இருந்த அந்த எழும்பிப் போகும் வசதி இல்லாமல் போகிறது. மரியாதைப் பிரச்சினை முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது.

"பிளேனில்தான் காற்றை வடிகட்டுகிறார்களே" என்று பலர் கேட்பார்கள். வடிகட்டுகிறார்கள், உண்மை. பறக்கும்போது கேபின் காற்று மணிக்கு 20 முதல் 30 தடவை மாறுகிறது. அதில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து வரும் புதுக் காற்று. மற்றப் பாதி உள்ளே இருந்த காற்றையே எடுத்து வடிகட்டித் திருப்பி விடுவது. அந்த ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோன் அளவுள்ள துகள்களில் 99.97 வீதத்தைப் பிடிக்கும். தூசி, கிருமி எல்லாம் அதில் மாட்டும். மணம் என்பது வாயு. பெரும்பாலான விமானங்களின் வடிகட்டி அதைப் பிடிக்காது. ஆகவே கொத்து மணம் வடிகட்டியைத் தாண்டித் திரும்பி வரும். புதுக் காற்று கலந்து கலந்துதான் மெல்லக் குறையும்.

இன்னொன்றும் இருக்கிறது. கேபினில் காற்று தலைக்கு மேலிருந்து இறங்கி, காலடியில் பக்கச் சுவரோரம் வெளியே போகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். எனவே மணத்தின் முழு வேகமும் உங்கள் வரிசைக்கும், முன்னும் பின்னும் ஓரிரு வரிசைக்கும்தான். முன் சீட்டுக்காரருக்கு அது போனதில் ஆச்சரியம் இல்லை. பிளேன் தரையில் நிற்கும்போது இந்தக் காற்றோட்டம் பல வேளைகளில் இன்னும் குறைவாக இருக்கும். கதவு மூடக் காத்திருக்கிற அந்த அரை மணி நேரத்தில் பார்சலைப் பிரிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம். பசியோடு ஏறிய பலர் சரியாக அந்த நேரத்தில்தான் பிரிக்கிறார்கள்.

சாப்பிடுகிறவருக்கு ஏன் இது தெரிவதில்லை என்றால், மூக்கு ஒரு மணத்துக்குச் சில நிமிடங்களில் பழகிவிடும். பார்சலை மடியில் வைத்துக்கொண்டு கார் ஏறி, வரிசையில் நின்று, சோதனை தாண்டி வந்தவருக்கு அந்த மணம் எப்போதோ மறைந்துவிட்டது. பக்கத்துச் சீட்டுக்காரருக்கு அது அப்போதுதான் புதிதாக வருகிறது. "அவ்வளவு மணக்கவில்லையே" என்று உங்கள் அண்ணா சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மூக்குக்கு அது உண்மையிலேயே தெரியவில்லை.

மேலே போனதும் உறைப்பாக, உப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும் போல் இருப்பதற்கும் காரணம் உண்டு. கேபினின் அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். நுவரெலியா கிட்டத்தட்ட அந்த உயரம்தான். ஆனால் நுவரெலியாவின் ஈரம் கேபினில் இல்லை, அங்கே ஈரப்பதன் 20 வீதத்துக்கும் கீழே போய்விடும். மூக்கும் நாக்கும் காய்ந்துபோகும். லுப்தான்சா விமான நிறுவனத்துக்காக ஜேர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவனம் செய்த ஆய்வில், இந்த நிலையில் உப்பும் இனிப்பும் தரையில் இருப்பதை விட மங்கலாகத் தெரிகிறது என்று கண்டார்கள். விமானச் சாப்பாடு சப்பென்று இருப்பதற்குச் சமைத்தவர் மட்டும் காரணம் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நம் சம்பலும் கொத்தும் எடுபடும். அண்ணாவுக்கு அந்த ஆசை வந்தது இயற்கை.

அப்படியானால் மற்றவர் மூக்கும் மங்கித்தானே இருக்கும் என்று கேட்கலாம். ஓரளவு மங்கும். ஆனால் வயிறு மங்காது. பிளேன் ஆடும்போது ஏற்கனவே குமட்டிக்கொண்டிருக்கிற ஆளுக்கு எண்ணெயும் முட்டையும் கலந்த மணம் கொஞ்சம் வந்தாலே போதும்.

ஒரு சென்னைப் பயணம் எனக்கு மறக்காது. ஒன்றரை மணி நேரம் கூட இல்லாத பறப்பு. ஓடுபாதைக்குப் போகும் வழியில் ஒருவர் அவித்த முட்டையும் மீன் கட்லட்டும் வைத்த பெட்டியைத் திறந்தார். முன் வரிசையில் கர்ப்பிணிப் பெண், நாலாவது மாதம். பெல்ட் விளக்கு எரிகிறது, நாங்களும் எங்கள் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டோம். அந்தப் பெண் கையைத் தூக்கிக் காட்டுகிறார், என்னால் எழும்பிப் போக முடியாது. பிளேன் மேலே ஏறி முடிவதற்குள் அவர் பையில் வாந்தி எடுத்துவிட்டார். பெட்டி திறந்தவர் கெட்ட மனிதர் இல்லை. விஷயம் தெரிந்ததும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் நான் அந்தப் பெண்ணை வேறு சீட்டுக்கு மாற்றியிருப்பேன். அன்றிலிருந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் நான் சொல்வது: பெல்ட் விளக்கு அணையும் வரைக்கும் எந்தப் பெட்டியையும் திறக்காதீர்கள்.

மறுபக்கத்துக் கதையும் ஒன்று. குவைத் பிளைட். மட்டக்களப்புப் பக்கத்துப் பெண், இரண்டாவது முறை வீட்டு வேலைக்குப் போகிறார். சின்னப் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவர். அம்மா கட்டிக்கொடுத்த பிட்டும் கட்டாக் கருவாட்டுப் பொரியலும் கையில். சாப்பாட்டு நேரத்தில்தான் திறந்தார். பக்கத்தில் இருந்தவர் "என்ன இந்த நாற்றம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார். நான் போய் அவரைச் சமாதானப்படுத்தி, பின்னால் காலியாக இருந்த சீட்டுக்கு மாற்றினேன். திரும்பி வந்தபோது அந்தப் பெண் பெட்டியை மூடிக் காலடியில் வைத்திருந்தார். "சாப்பிடுங்கோ தங்கச்சி, இப்ப பிரச்சினை இல்லை" என்று எவ்வளவோ சொன்னேன். திறக்கவே இல்லை. நான் முதலில் அந்த ஆளிடம் போகாமல் அவளிடம் போயிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைப்பேன். பழந்தமிழில் நாற்றம் என்றால் நல்ல மணம். இன்றைக்கு அந்தச் சொல்லை ஒருவருடைய தாய் சமைத்த சாப்பாட்டின் மேல் எறிவது அடிப்பதற்குச் சமம்.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் நான் பேசுகிறேன். "நம் சாப்பாடு மணக்கும், ஆகவே கொண்டு போகாதே" என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விமான நிலையத்தில் விற்கிற பர்கரும் பொரித்த கோழியும் மணக்காதா? விமான நிறுவனமே அடுப்பில் சூடாக்கிக் கொடுக்கும் மீன் சாப்பாடு மணக்காதா? சில உணவு மட்டும் சிலருக்கு "நாற்றம்" ஆகிவிடுவதில் பழக்கமும் இருக்கிறது, இளக்காரமும் இருக்கிறது. வெளிநாட்டில் பள்ளிக்கூடத்துக்கு இடியப்பமும் சம்பலும் கொண்டுபோய் மூடி மூடிச் சாப்பிட்ட பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். நம் விமானங்களில் நம்மவர்களுக்குள்ளேயே இது உண்டு. சபரிமலைக்கு மாலை போட்டவர் பக்கத்தில் மீன் பொரியல் திறக்கும்போது அவருக்கு அது வெறும் மணப் பிரச்சினை இல்லை, விரதப் பிரச்சினை. நோன்பு நாளில் பகல் பிளைட்டில் பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தால், இரண்டு நிமிடம் யோசித்துவிட்டுத் திறப்பது நல்லது. அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் நாமாக யோசிக்க வேண்டும்.

சரி, எது உண்மையில் அதிகம் மணக்கிறது? மீன் மணத்துக்குக் காரணம் ட்ரைமெதிலமீன் என்ற பொருள். அது புளிப்பைத் தொட்டால் உப்பாக மாறி, ஆவியாகாமல் அடங்கிவிடும். மீனுக்கு நம் பாட்டிமார் எலுமிச்சைப்புளி பிழிந்ததும், சிங்கள வீடுகளில் அம்புல்தியலுக்குக் கொறக்காய் போடுவதும் இதைத் தெரிந்துதானோ என்னவோ. ஆகவே புளி நன்றாகப் பிடித்த மீன், பொரித்த கருவாட்டை விடப் பக்கத்து ஆளுக்குப் பாதி தொல்லைதான். அவித்த முட்டையில் வருவது கந்தகம் சேர்ந்த வாயு, அதை எந்தப் புளியும் அடக்காது. வெள்ளைப்பூண்டு இன்னொரு மாதிரி. சாப்பிட்ட பிறகு அதன் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வரும். பல் விளக்கினாலும் போகாது. நீண்ட பயணத்துக்கு முன்னால் பூண்டு ஊறுகாயை ஒரு நாள் தள்ளிவைக்கலாம்.

துரியான் தனி வகை. கண்டி வீதியோரத்தில் பருவத்தில் குவித்து விற்பார்கள். எனக்கும் உயிர். ஆனால் பல விமான நிறுவனங்கள் அதைக் கேபினுக்குள் விடுவதே இல்லை. 2018 நவம்பரில் இந்தோனேசியாவில் பெங்குலுவிலிருந்து ஜகார்த்தா போக இருந்த ஸ்ரீவிஜயா எயார் விமானத்தின் சரக்குப் பகுதியில் 2 தொன்னுக்கு மேல் துரியான் ஏற்றியிருந்தார்கள். மேலே கேபினுக்குள் மணம் ஏறி, பயணிகள் பறக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். கடைசியில் மூட்டை எல்லாவற்றையும் இறக்கிய பிறகுதான் விமானம் புறப்பட்டது. அந்த ஊர்க்காரர்கள் துரியான் தின்று வளர்ந்தவர்கள். பழக்கமான மணம்கூட மூடிய இடத்தில் தாங்க முடியாமல் போகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பழுத்த பலாச்சுளையையும் நான் இதே கணக்கில்தான் வைப்பேன்.

இனிக் கொத்துக்கு வருவோம். மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், நேரத்தைக் கணக்குப் பார்த்தீர்களா? வெள்ளவத்தையில் பார்சல் கட்டி, காலி வீதி நெரிசலைத் தாண்டி, அதிவேகப் பாதையில் ஏறிக் கட்டுநாயக்கா போகக் குறைந்தது ஒன்றேகால் மணி நேரம். சர்வதேசப் பயணத்துக்கு 3 மணி நேரம் முந்தி அங்கே நிற்க வேண்டும். பிளேன் ஏறி அரை மணி. பார்சலைப் பிரிக்கும்போது அது சமைத்து ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. கோழி, முட்டை, மா எல்லாம் கலந்து, சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் பொலித்தீனுக்குள் வியர்த்துக் கிடந்த சாப்பாடு. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமி பெருகும், அந்த நிலையில் சமைத்த இறைச்சி நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் எறிந்துவிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் எங்களுக்கும் சொல்லித்தந்த அடிப்படை. பணிப்பெண்ணிடம் கொடுத்துச் சூடாக்கித் தரச் சொன்னாலும் பெரும்பாலான நிறுவனங்களில் செய்ய மாட்டார்கள். வெளிச் சாப்பாட்டை விமான அடுப்பில் வைக்கவோ குளிர்பெட்டியில் வைக்கவோ எங்களுக்கு அனுமதி இருக்கவில்லை. மெல்பேர்ண் வரை பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். வயிறு குழம்பினால் அந்தச் சின்னக் கழிவறைதான் கதி.

குழம்பு இன்னொரு சிக்கல். கொத்தோடு ஒரு சின்னப் பையில் கட்டித் தருவார்களே, அது பாதுகாப்புச் சோதனையில் திரவம். 2006 இல் இலண்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி பிடிபட்ட பிறகு வந்த 100 மில்லிலீட்டர் விதி சாம்பாருக்கும், சொதிக்கும், தயிருக்கும், போத்தலில் அடைத்த சீனிச் சம்பலுக்கும் சேர்த்துத்தான். குழைவாக, பூசக்கூடியதாக இருப்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரும். அம்மா கிண்டித் தந்த ஒரு போத்தல் சம்பலைச் சோதனை மேசையில் விட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போத்தலைச் சரக்கில் போகும் பெட்டிக்குள் போட்டு அனுப்புங்கள். பாணுக்கிடையில் பூசிய சம்பலை யாரும் தடுக்க மாட்டார்கள்.

கையில் கொண்டுபோக நம்மிடம் நல்ல சாப்பாடே இல்லையா என்ன? நம் ஆட்கள் நாள் கணக்கில் நடந்தும் வண்டி கட்டியும் பயணம் போன காலத்திலிருந்து கட்டுச்சோறு என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். புளிச்சாதம் சீக்கிரம் கெட்டுப்போகாது, சூடு தேவையில்லை, ஆறினால்தான் ருசி, மணமும் அடக்கமானது. சூடான உணவிலிருந்துதான் மணம் அதிகம் ஆவியாகும். ஆறின சாப்பாடு எதுவாக இருந்தாலும் பாதி மணம் போய்விடும். மிளகாய்ப்பொடி தடவின இட்லி, தேங்காய் ரொட்டிக்குள் சுருட்டின சீனிச் சம்பல், மரக்கறி ரோல்ஸ், பற்றீஸ், பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, வாழைப்பழம், இவையெல்லாம் நான் ஆட்களுக்குச் சொல்வது. மாசிக் கருவாடு போடாத சம்பலாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் பணிஸ் ஒன்று இரண்டு பரவாயில்லை, உள்ளே மூடித்தான் இருக்கிறது. தயிர்ச்சாதம் வயிற்றுக்கு நல்லதுதான், ஆனால் தளதளவென்று இருந்தால் சோதனையில் கேள்வி வரும். கெட்டியாகப் பிசையுங்கள். வேர்க்கடலை சேர்ந்தது எதையும் பிரிக்க முன்னால் பணிப்பெண்ணின் அறிவிப்பைக் கேளுங்கள். கடுமையான ஒவ்வாமை உள்ளவர் விமானத்தில் இருந்தால் சொல்வார்கள், அப்போது அதை வெளியே எடுக்கவே கூடாது.

டிக்கெட் வாங்கும்போதே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: குறைந்த கட்டண விமானங்கள் சிலவற்றில் வெளிச் சாப்பாடு சாப்பிடவே கூடாது என்று விதி இருக்கிறது.

சாப்பாட்டுப் பெட்டியின் மூடி இறுக்கமாக இருக்கட்டும், ஆனால் உள்ளே வெறும் காற்று நிறைய இருக்க விடாதீர்கள். மேலே அழுத்தம் குறையும்போது உள்ளிருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். சிப்ஸ் பை பலூன் மாதிரி உப்புவது அதனால்தான். தளர்ந்த மூடி தானாகத் திறந்து மேல் தட்டில் இருக்கிற பைகளுக்குள் எண்ணெய் வடிந்ததைப் பல தடவை துடைத்திருக்கிறேன்.

எப்போது பிரிப்பது? எல்லோரும் சாப்பிடும்போது. உணவு வண்டி வந்து, விளக்கு எரிந்து, பக்கத்தில் எல்லோரும் தட்டை விரித்திருக்கும் நேரத்தில் உங்கள் புளிச்சாதமும் பத்து மணத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். யாருக்கும் தனியாகத் தெரியாது. பிரிக்க முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் "கொஞ்சம் சாப்பிடப் போறேன், உங்களுக்குப் பிரச்சினை இல்லையே?" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து, கேட்டவரிடம் இல்லை என்று சொன்ன ஆட்கள் மிகக் குறைவு. கேட்டபிறகு அந்த மணம் அவருக்கும் பாதியாகிவிடுகிறது, அவர் சம்மதித்த மணம் அல்லவா. ரயிலில் மாதிரி ஒரு வடையை நீட்டலாம், வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். கையால் சாப்பிடுவதில் கூச்சமே வேண்டாம். கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள். முடித்ததும் மிச்சத்தை ஒரு பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு எங்கள் கையில் தாருங்கள். முன் சீட்டுப் பைக்குள் செருகிவிட்டால் பத்து மணி நேரமும் அங்கேயே இருந்து மணக்கும். ஏதாவது கொட்டிவிட்டாலும் மறைக்காமல் உடனே சொல்லுங்கள். கோப்பித் தூள் பையைப் பிரித்து வைத்தால் கெட்ட மணத்தை அது இழுத்துக்கொள்ளும். கழிவறையில் நாங்கள் வழமையாகச் செய்வது, சீட்டோரத்திலும் செய்வோம்.

கருவாடு கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புறக்கோட்டையில் வாங்கின நெத்தலியையும் கட்டாவையும் சாதாரண பொலித்தீன் பையில் நாலு சுற்றுச் சுற்றினாலும் மணம் வெளியே வரும். அந்தப் பிளாஸ்டிக் மணத்தை ஊடுருவ விடும் வகை. நைலோன் படலம் சேர்ந்த தடித்த பையில் காற்றை உறிஞ்சி ஒட்டித் தரச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு மூடி இறுகும் டப்பா. கைப்பையில் வேண்டாம், பெட்டிக்குள் போடுங்கள். வறுத்த மிளகாய்த்தூளை அதோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள், இறங்கிப் பார்க்கும்போது தூளே கருவாடாக மணக்கும்.

அவுஸ்திரேலியாவுக்குப் போகிற உங்கள் அண்ணாவுக்கு முக்கியமானது இனித்தான். மிச்சக் கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாரா? இறங்கியிருந்தால், நுழைவு அட்டையில் உணவு இருக்கிறது என்று எழுதினாரா? 2022 இல் பாலியிலிருந்து டார்வின் போன ஒரு பயணி, பையில் இருந்த முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த இரண்டு மெக்மபின்களையும் ஒரு பன்றியிறைச்சிக் குரோசோனையும் அறிவிக்காததற்கு 2,664 அவுஸ்திரேலிய டொலர் தண்டம் கட்டினார். மோப்ப நாய்தான் கண்டுபிடித்தது. இறைச்சி, பால், முட்டை, பழம் எதுவாக இருந்தாலும் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அல்லது விமானத்திலேயே விட்டுவிட வேண்டும், அதுவும் இல்லை என்றால் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அதிகம் போனால் எடுத்துக்கொள்வார்கள், தண்டம் வராது. பிரித்தானியாவிலும் நம் நாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோக முடியாது. கோழிக் கொத்தை இலண்டன் வரை பத்திரமாகக் கொண்டு சேர்க்க நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

மணத்தைச் சகிக்க முடியாமல் இருப்பவர் நீங்களாக இருந்தால், முதலில் தலைக்கு மேலே இருக்கிற காற்றுக் குமிழைத் திறந்து முகத்துக்கு நேரே திருப்புங்கள். அது நன்றாக உதவும், பலர் அதைத் தொடுவதே இல்லை. அடுத்தது பணிப்பெண்ணைக் கூப்பிடுவது. "எனக்குக் குமட்டுகிறது, வேறு இடம் இருக்கிறதா?" என்று உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். "இந்த ஆள் என்ன சாப்பிடுகிறார் பாருங்கள்" என்று அவரைப் பற்றிச் சொல்ல வேண்டாம். முதல் வார்த்தைக்கு நாங்கள் ஓடி ஓடி உதவுவோம். இரண்டாவது வார்த்தைக்குப் பிறகு இரண்டு வரிசைக்கும் பயணம் முடியும் வரை நிம்மதி இருக்காது. முகம் சுளிப்பது, மூக்கைப் பிடிப்பது, துணியால் விசிறுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். சாப்பிடுகிறவர் யார், எங்கிருந்து வருகிறார், அந்தப் பெட்டியைக் கட்டிக்கொடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியாது.

உங்கள் அண்ணாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அந்த இரவு அவர் சாப்பாட்டில் ஒரு கேவலமும் இல்லை. அடுத்த முறை திரும்பும்போது வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் முந்திப் புறப்படட்டும். வெள்ளவத்தையில் கடைக்குள்ளேயே உட்கார்ந்து, தகட்டில் இரண்டு கத்தியும் தாளம் போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, குழம்பு ஊற்றிச் சூடாக அந்தக் கொத்தைச் சாப்பிடட்டும். கொத்து அப்படிச் சாப்பிட வேண்டியது. கைப்பைக்கு அண்ணியிடம் சொல்லிப் புளிச்சாதம் கட்டிக்கொள்ளலாம்.